களிமண் வயலில் கோனோவீடர் (கையால் தள்ளும் உருளைக் களைக்கருவி) சிக்குகிறது, யோசனை சொல்லுங்கள்

மன்னார்குடி பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர். இந்தக் குறுவைக்கு அதில் ஒரு ஏக்கரை மட்டும் ஒற்றை நாற்று நடவுக்கு மாற்றினேன். ரகம் ஆடுதுறை 43, விதை 3 கிலோ, பாய் நாற்றங்கால், 14 நாள் நாற்று, 25 செ.மீ. சதுர நடவு. இன்று நட்டு 18ஆம் நாள். பயிரில் குறை இல்லை, தூர் வெடிக்க ஆரம்பித்துவிட்டது.

சிக்கல் களையெடுப்பில்தான். 11ஆம் நாள் கோனோவீடரை இறக்கினோம். நாலு எட்டு போவதற்குள் இரண்டு உருளையின் பல்லிலும் களி அப்பி, மொத்தமாக உருண்டைச் சேறாகிவிடுகிறது. அப்புறம் அது சுழல்வதில்லை, சேற்றைத் தள்ளிக்கொண்டு இழுபடுகிறது. இரண்டு இடத்தில் நாற்றையே பெயர்த்துவிட்டது. தள்ளிய அக்காவுக்கு உள்ளங்கை கொப்புளித்துப் போனது, இனி வரமாட்டேன் என்கிறார். அவரைக் குறை சொல்ல மனமில்லை.

2 செ.மீ. தண்ணீர் வைத்து ஓட்டினேன், சரிவரவில்லை. 5 செ.மீ. வைத்தால் களை மிதந்து மறுபடி வேர் பிடிக்கிறது. மூன்று நாள் காயவிட்டேன், மயிரிழை வெடிப்பு விட்டு மேல்மண் இறுகிவிட்டது, பல் இறங்கவே இல்லை. முன்னால் இருக்கும் மிதவையின் கோணத்தையும் மாற்றிப் பார்த்தாயிற்று. கோரையும் குதிரைவாலிப் புல்லும் வரிசைக்கு நடுவே விரல் உயரம் வந்துவிட்டன. களைக்கொல்லிக்குப் போக விருப்பமில்லை. களையை மண்ணிலேயே அமுக்கி விடுவதற்காகத்தான் இந்த முறைக்கே வந்தேன்.

கனத்த களிமண்ணில் கோனோவீடர் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: தண்ணீர் வடித்து எத்தனையாவது நாள், மண் எந்தப் பதத்தில் இருக்கும்போது இறக்கினீர்கள்?