தாழ்த்திய சிவிக்: டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது, கொழும்பில் யார் சரியாகச் செய்வார்கள்?

அண்ணாமார், தம்பிமார், ஒரு உதவி.

ஹொண்டா சிவிக் ஈகே3. ஸ்பிரிங் மாற்றி 45 மி.மீ. இறக்கியது, டயர் 195/50 ஆர்15. 9000 கி.மீ. ஓடியதில் முன் டயர்களின் வெளிப்பக்கம் இன்னும் 5 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் மிச்சம் இருக்கு, உள்பக்கம் 2 மி.மீ.கூட இல்லை. கடைசி அலைன்மென்ட் (சக்கரக் கோணம் அளந்த) தாளில் முன் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு; கழித்தல் என்றால் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கு) இடது -1.8°, வலது -2.1°, பின்னுக்கு -2.6°. முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மொத்தம் 3 மி.மீ. வெளியே.

கேம்பரை மட்டும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. கையை டயருக்குக் குறுக்கே தடவினால் ஒரு பக்கம் வழுக்குது, திரும்பி வரும்போது வாள் பல் போல் உரசுது. அது டோவின் அடையாளம். கேம்பர் மட்டுமென்றால் தேய்மானம் மழமழப்பாக இருக்கும்.

சக்கரத்தைப் பிடிக்கும் மூட்டுகளான லோவர் ஆர்ம் புஷ் (ரப்பர்), டை ரொட் என்ட், போல் ஜொயின்ட் மூன்றிலும் ஆட்டமில்லை. புஷ் போல்ட்டுகளை ஜக்கில் தொங்கவிட்டு இறுக்கவில்லை, சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் இறுக்கியது. தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

இனி கேள்வி. பின் கேம்பரைக் குறைக்க, மேல்பக்க ஆர்மின் போல்ட்டில் வொஷர் வைப்பதா, அட்ஜஸ்டபிள் (நீளம் மாற்றக்கூடிய) ஆர்ம் போடுவதா? முன்னுக்குப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் நம்பக்கூடிய கேம்பர் ஆர்ம் கிடைக்குமா? முக்கியமாக, பின்பக்க டோவை முதலில் சரிசெய்து, ஸ்டியரிங்கை நடுவில் பூட்டி, பிறகு முன் டோவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரும் இடம் வேணும். “முன்னுக்கு மட்டும் போதும்” என்று சொல்லும் இடங்கள் வேண்டாம்.