தியோத்திவாக்கான் போகிறவர்கள் வீடுகளையும் பார்த்துவிட்டு வாருங்கள்

மெக்சிகோ பிரமிடுகளுக்கு ஒரு நாள் டூர் போய் வந்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். டிக்கெட், சாப்பாடு, வெயில் பற்றி மேலே பலர் எழுதிவிட்டார்கள். நான் எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி அம்மாவைப் பற்றியும், அவர் காட்டிய ஓர் இடத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

தியோத்திவாக்கான் மெக்சிகோ சிட்டியிலிருந்து வடகிழக்கே 50 கிலோமீட்டர் போல. பெரும்பாலான டூர்கள் போகும் வழியில் குவாதலூப்பே மாதா கோயிலிலும், அப்சிடியன் எனும் எரிமலைக் கண்ணாடிக் கல் பட்டறை ஒன்றிலும் நிறுத்துவார்கள். எங்கள் வேன் நேராகப் பிரமிடுக்கே போனது. வழிகாட்டி அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பிரமிடுகளை ஒட்டிய கிராமத்திலேயே பிறந்து வளர்ந்தவர். வேனை விட்டு இறங்கியதும் அவர் சொன்ன முதல் விஷயம்: “இதை அஸ்டெக்குகள் கட்டவில்லை.”

எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தோம். இந்த நகரம் கி.பி. முதல் நூற்றாண்டுகளில் வளர்ந்து, 550-ஐ ஒட்டிப் பெரும் தீயில் சிதைந்துபோனது. ஸ்பானியர்கள் வந்தபோது மெக்சிகோவை ஆண்டுகொண்டிருந்த அஸ்டெக்குகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து வந்து, இடிபாடுகளைப் பார்த்து வியந்து, தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள். சூரியப் பிரமிடு, சந்திரப் பிரமிடு, ஊரின் நடுவே போகும் இறந்தோர் சாலை எல்லாமே அவர்கள் வைத்த பெயர்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர். அந்த மக்கள் தங்கள் ஊரை என்னவென்று அழைத்தார்கள், வீட்டில் எந்த மொழி பேசினார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அப்புறம் ஒரு சுவரருகே எங்களை நிறுத்தி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த சாந்தைப் பார்க்கச் சொன்னார். அதில் சின்னச் சின்னக் கூழாங்கற்கள் வரிசையாகப் பதித்திருந்தன. அப்படி இருந்தால் அது நம் காலத்தில் திரும்பக் கட்டிய பகுதி என்று அடையாளமாம். அதன்பின் நாள் முழுக்க என் கண் அந்தக் கூழாங்கற்களையே தேடியது. எது பழையது, எது புதியது என்று நாமே பிரித்துப் பார்க்கும்போது இடிபாடு நம்மோடு பேச ஆரம்பித்துவிடுகிறது. சூரியப் பிரமிடின் இன்றைய தோற்றத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. மெக்சிகோ விடுதலைப் போராட்டத்தின் நூற்றாண்டு 1910-இல் வந்தது. அதற்காக லெயோபோல்தோ பாத்ரேஸ் என்பவர் 1905 முதல் அதை அவசரமாகத் தோண்டிச் சீரமைத்தார். அப்போது வெளிப்பூச்சும் கல் அடுக்கும் பெருமளவு போய்விட்டன. இன்று நாம் படம் எடுத்துக்கொள்வது அந்த மக்கள் பார்த்த உருவத்தை அல்ல.

சூரியப் பிரமிடின் உயரம் சுமார் 65 மீட்டர், அடிப்பக்கம் ஒவ்வொன்றும் 220 மீட்டருக்கு மேல். 2020-இல் கொரோனாவுக்காக மூடியதிலிருந்து இதில் ஏற விடுவதில்லை. வேனில் வந்த சிலருக்கு அது பெரிய ஏமாற்றம். எனக்கு வருத்தமில்லை. இத்தனை கோடிக் கால்கள் மிதித்த கல்லுக்கு ஓய்வு வேண்டும்தான்.

தெற்கே உள்ள இறகுப் பாம்புக் கோயிலையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவரில் வரிசையாகப் பாம்புத் தலைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கோயிலைக் கட்டும்போது பலியிடப்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன; மொத்தம் 200 பேர் அளவுக்கு இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். 2003-இல் கனமழையில் தரை உள்வாங்கி, கோயிலுக்கு அடியில் போகும் சுரங்கம் ஒன்று வெளிப்பட்டது. தொல்லியலாளர் செர்கியோ கோமெஸ் குழுவினர் பல வருடம் தோண்டினார்கள். உள்ளே திரவப் பாதரசம் கூட இருந்தது. எங்கள் வேனில் எல்லாரும் பலியைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டோம். அவர் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, “சரி, இந்தக் கோயிலுக்கு அப்புறம் இந்த ஊர்க்காரர்கள் என்ன கட்டினார்கள் என்று யாராவது கேளுங்களேன்” என்றார்.

பதில்: வீடு.

மூன்றாம் நூற்றாண்டிலிருந்து இந்த நகரத்தின் உழைப்பு பெரிய கோயில்களிலிருந்து குடியிருப்புகள் பக்கம் திரும்பிவிட்டது. கல்லால் கட்டி, சுண்ணாம்பு பூசிய சுமார் 2,000 வளாகங்கள். பல வளாகங்கள் பக்கத்துக்கு 60 மீட்டர் போல. ஒன்றில் பல குடும்பங்கள் சேர்ந்து இருந்திருக்கின்றன. நடுவில் முற்றம், அதில் சிறு பீடம், தரைக்கு அடியில் மழைநீர் வடிய வாய்க்கால். இறந்தவர்களையும் வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள். அரண்மனைக்காரர்கள் மட்டும் இப்படி வாழவில்லை, ஊரில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்பதுதான் ஆய்வாளர்களையே வியக்க வைக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கும் இடம் இருந்தது. தெற்கு மெக்சிகோவின் வஹாக்கா பகுதியிலிருந்து வந்தவர்களுக்குத் தனிப் பேட்டையே இருந்திருக்கிறது.

சூரியப் பிரமிடுக்குப் பின்பக்கம் கொஞ்சம் நடந்தால் தெபாந்தித்லா என்ற வளாகம். டூர் திட்டத்தில் அது இல்லை. வழிகாட்டி அம்மா ஓட்டுநரிடம் பேசி, மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து எங்களை அங்கே கூட்டிப்போனார். வாசலில் ஒரு காவலரைத் தவிர யாரும் இல்லை. தாழ்வான அறைகள், சிவப்பு தோய்ந்த சுவர்கள். ஒரு சுவரில் சின்னச் சின்ன மனிதர்கள் கூட்டம் கூட்டமாக. மட்டையால் பந்தடிக்கிறார்கள், நீந்துகிறார்கள், பட்டாம்பூச்சிகளுக்கு நடுவே ஆடுகிறார்கள். பலருடைய வாயிலிருந்து சுருள் சுருளாகக் கோடு கிளம்புகிறது. பேச்சையும் பாட்டையும் அப்படித்தான் வரைவார்களாம். அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவே ஒருவன் மட்டும் கையில் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். கண்ணீர் சொட்டுச் சொட்டாக வரையப்பட்டிருக்கிறது. இது மழைக்கடவுளின் சொர்க்கம் என்று 1942-இல் தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ விளக்கம் சொன்னார். இப்போது வேறு விளக்கங்களும் உண்டு. வழிகாட்டி அம்மா எந்த விளக்கத்தையும் எங்கள்மேல் திணிக்கவில்லை. “இவ்வளவு பேரை வரைந்தவர்கள் ராஜா என்று ஒருவரைக்கூட எங்கும் பெரிதாக வரைந்து வைக்கவில்லை, பாருங்கள்” என்றார். மாயா ஊர்களில் அரசர்களின் சிலையும் பெயரும் தேதியும் கல்லில் நிறைந்திருக்கும். இங்கே அப்படி ஒன்றுகூட இல்லை. தீ வைத்தபோதும் இறந்தோர் சாலையை ஒட்டிய கோயில்களும் பெரிய மாளிகைகளும்தான் குறிவைக்கப்பட்டன, சாதாரண வீடுகள் பெரும்பாலும் தப்பின என்று அகழாய்வு சொல்கிறது. ஊர்க்காரர்களே பொறுக்க முடியாமல் எழுந்திருக்கலாம் என்ற கருத்து அதிலிருந்து வந்ததுதான்.

பலி மேடையைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால் இந்த மக்களுக்கு நாம் நியாயம் செய்யவில்லை என்று எனக்கு அங்கே நின்றபோது உறைத்தது.

இன்னொன்று. பட்டறைகளில் சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளையாகப் படிந்திருக்கும் கொச்சினீல் பூச்சியை நசுக்கிக் காட்டுவார்கள். கை இரத்தச் சிவப்பாகிவிடும். இந்தச் சாயத்துக்காகவே 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். அந்தப் பூச்சியின் சொந்த நாட்டில் நின்று அதைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

*

மறுமொழி: நான் மெக்சிகோ சிட்டியில் வேலை செய்கிறேன். நீங்கள் சொன்ன சுவரோவியத்தின் நகல் இங்கே தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுப் போனால் மறுநாள் மங்கலான சுவரிலும் உருவங்கள் சட்டென்று பிடிபடும். டூர் வேண்டாம் என்பவர்கள் வடக்குப் பேருந்து நிலையத்தில் ‘பிராமிதெஸ்’ என்று எழுதிய பஸ்ஸைப் பிடிக்கலாம். வழிகாட்டியை மட்டும் தவிர்க்காதீர்கள், இடத்தில் விளக்கப் பலகைகள் போதாது. ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் மக்களுக்கு இலவசம் என்பதால் கூட்டம் அதிகம். பகலும் இரவும் சமமாகும் மார்ச் 21-ஐ ஒட்டி வெள்ளை உடையில் ஆயிரக்கணக்கானோர் வருவார்கள், அமைதியாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு அது ஏற்ற நாள் அல்ல.

மறுமொழி: மெக்சிகோவின் மாயா ஊரான சிச்சென் இட்சாவில் எங்கள் வழிகாட்டி எல் காஸ்தில்யோ என்ற பிரமிடு முன்னால் நின்று கை தட்டினார். எதிரொலி பறவை கூவுவது மாதிரி திரும்பி வந்தது, கெட்ஸால் பறவையின் குரல் என்கிறார்கள். நான்கு பக்கமும் 91 படிகள், உச்சியில் ஒன்று, ஆக 365. அடுத்த முறை அம்மாவைத் தியோத்திவாக்கான் கூட்டிப்போக ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. முடியுமா?

மறுமொழி: தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஆனால் தெற்கு வாசலில் ஆரம்பிக்காதீர்கள். அங்கிருந்து சூரியப் பிரமிடு வரைக்கும் சாலை நெடுகப் படி ஏறி இறங்க வேண்டியிருக்கும். சூரியப் பிரமிடு எதிரே இருக்கும் இரண்டாம் வாசலில் இறங்கிக்கொண்டு, வண்டியை மூன்றாம் வாசலுக்கு வரச் சொல்லுங்கள். அது சந்திரப் பிரமிடு பக்கம். தெபாந்தித்லாவுக்கு வண்டியிலேயே சுற்றிப் போய்விடலாம், அங்கே நடை குறைவு. ஊர் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மூச்சு வாங்கும், நிழலும் கிடையாது. காலையில் திறந்ததும் போய்விடுங்கள், குடை கட்டாயம்.