லேசரில் தூரம் பார்த்து மானைச் சுடுவது சரியா? (விக்டோரியா கடமான் வேட்டை)

பெரம்பூர் லோகு:
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நம்ம ஊர் வேட்டையைப் பற்றிய பேச்சு இல்லை. இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மான் பக்கம் துப்பாக்கியைத் திருப்பவே கூடாது. என் அக்கா வீட்டுக்காரர் ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் இருக்கிறார், உரிமம் வாங்கி முறைப்படி கடமான் வேட்டைக்குப் போகிறவர். நம்ம பக்கத்துக் கடமான்தான் அது. 1860களில் வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் விட்டார்கள், இப்போது அந்த மலைக்காடுகளில் பெருகிக் கிடக்கிறது. மாமா புதுசாக ஒரு லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் (எதிரே இருப்பது எவ்வளவு தூரம் என்று அளந்து காட்டும் கருவி) வாங்கிப் படம் அனுப்பினார், அதை டீக்கடையில் மணி அண்ணனிடம் காட்டினேன். "இதுக்குப் பேரு வேட்டையா"ன்னு பிடித்துக்கொண்டார். அதனால் இங்கேயே பேசிவிடலாம்.

என் கட்சி இதுதான். ஸ்கோப் (துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கி) வைத்துச் சுடுகிறவன் கையில் ரேஞ்ச்ஃபைண்டரும் கட்டாயம் இருக்க வேண்டும். .308 ரைஃபிளை (.308 என்பது குண்டின் குறுக்களவு, அங்குலத்தில்) 100 மீட்டருக்கு ஜீரோ செய்திருந்தால், அதாவது 100 மீட்டரில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்திருந்தால், 300 மீட்டரில் குண்டு சுமார் ஒன்றரை அடி கீழே இறங்கிவிடும், 400இல் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். ஸ்கோப் மானைப் பெரிதாகக் காட்டும், தூரத்தைச் சொல்லாது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிற்கிற மான் 300இல் நிற்கிறதா 400இல் நிற்கிறதா என்று வெறும் கண்ணால் யாரால் சொல்ல முடியும்? 300 என்று நினைத்து 400இல் சுட்டால் நெஞ்சில் பட வேண்டிய குண்டு முன்காலை உடைக்கும், அந்த மான் காட்டுக்குள் ஓடி நாள்கணக்கில் வலியோடு சாகும். அந்த வேதனையைக் குறைக்கிற ஒரு கருவியை ஏன் எதிர்க்க வேண்டும்?

காசிமேடு மணி:
தம்பி, டீக்கடையில் நான் பேசியதில் பாதியைத்தான் போட்டிருக்கிறாய். 400 மீட்டரில் நிற்கிற மானைச் சுடவே கூடாது என்று சொன்னேன். அதை விட்டுவிட்டு, 400இல் எப்படி நல்லா சுடுவது என்று கணக்குப் போடுகிறாய்.

நம்ம துறைமுகத்தில் எக்கோ சவுண்டரும் (ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி) ஜிபிஎஸ்ஸும் வந்தபோது இதே பேச்சுதான் நடந்தது. வீணாக அலைய வேண்டாம், டீசல் மிச்சமாகும், நேராகப் போய் வலை விட்டு நேராகத் திரும்பலாம் என்றார்கள். மிச்சமான டீசலோடு யாரும் வீட்டுக்கு வரவில்லை, இன்னும் ஆழத்துக்குப் போனோம். கருவி ஒரு தூரத்தைக் காட்டிவிட்டால் மனுஷன் அந்தத் தூரம் வரைக்கும் போய்த்தான் பார்ப்பான். உங்க மாமா இதற்கு முன்னால் எத்தனை மீட்டரில் சுட்டார், இனிமேல் எத்தனையில் சுடப்போகிறார் என்று கேட்டுச் சொல்.

அப்புறம் இன்னொன்று. கடமானுக்கு இருப்பது மூக்கும் காதும். அறுபது, எழுபது மீட்டர் வரைக்கும் நடந்து போகிறவன் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, காலடிச் சத்தம் கேட்காமல் போக வேண்டும். கொஞ்சம் பிசகினால் மான் காலைத் தரையில் உதைத்து, பெரிதாகக் குரல் கொடுத்துவிட்டு மறைந்துவிடும். அந்த வாய்ப்பு அதற்கு இருக்கணும். மலையின் அடுத்த பக்கத்தில் உட்கார்ந்து பட்டனை அழுத்துகிறவனை அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

பெரம்பூர் லோகு:
கடல் கதை வேறு அண்ணா. கடலில் மீன் குறைந்துபோகிறது என்பதுதான் கவலை. விக்டோரியாவில் கடமான் குறைந்துவிடும் என்று யாருமே கவலைப்படவில்லை. எத்தனை சுடலாம் என்பதற்கு வரம்பே கிடையாது, அந்த மாநிலத்தில் இருக்கிற ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலைப் பூங்காக்களில் அரசே ஹெலிகாப்டரில் ஆள் வைத்துச் சுட்டிருக்கிறது. சட்டத்தின் அக்கறை முழுக்க மான் வலியில்லாமல் சாக வேண்டும் என்பதில்தான். கடமானுக்கு .270க்குக் குறைந்த ரைஃபிள் கூடாது, குண்டின் எடை 130 கிரெய்னாவது (சுமார் 8.4 கிராம்) இருக்கணும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்த அக்கறைக்குள்தான் ரேஞ்ச்ஃபைண்டரும் வருகிறது.

தண்டையார்பேட்டை வித்யா:
நான் வேட்டைக்குப் போனதில்லை, சுடும் பயிற்சிக் களத்தில் ரைஃபிள் சுடுகிறவள். இதுவரைக்கும் யாரும் அந்தக் கருவி எதை அளக்கிறது என்று பேசவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லேசர் துடிப்பு போய்ப் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது பார்க்கிறது. ஒளி ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும், ஆக 300 மீட்டரில் நிற்கிற மானிடம் போய்வர இரண்டு மைக்ரோ நொடி. இந்தக் கணக்கில் பிழை வராது, ஆனால் எதில் பட்டுத் திரும்பியது என்பதில் வரும். கதிர் போகப்போக விரியும், மானுக்கு முன்னால் இருக்கிற புல்லிலோ கிளையிலோ பட்டு 240 என்று காட்டிவிடும். அதற்காகத்தான் கடைசியாகப் பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறை நல்ல கருவிகளில் இருக்கிறது. பனிமூட்டமும் மழையும் கதிரைச் சிதறடிக்கும். பெட்டியில் 1000 மீட்டர் என்று போட்டிருப்பது நன்றாக ஒளியைத் திருப்பும் பலகைக்கு, மான் தோலுக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

மலைச்சரிவில் இன்னொரு கணக்கும் உண்டு. 30 டிகிரி சாய்வில் கருவி 300 காட்டினால், குண்டின் இறக்கத்துக்குக் கிடைத்தளத் தூரமான 260 மீட்டரைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பல கருவிகள் இதைத் தாமாகவே போட்டுக் காட்டும். இதுவரைக்கும் லோகு பக்கம்தான் நான்.

காற்றுதான் பிரச்சினை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டுக் காற்று வீசினால் அதே .308 குண்டு 300 மீட்டரில் ஒரு சாண் அளவு விலகும், 400இல் ஓர் அடியைத் தாண்டும். ரேஞ்ச்ஃபைண்டருக்குக் காற்று தெரியாது. பள்ளத்தாக்கில் நீங்கள் நிற்கிற இடத்தில் ஒரு காற்று, நடுவில் ஒன்று, மான் பக்கம் வேறொன்று. தூரம் துல்லியமாகத் தெரிந்துவிட்டது என்ற தைரியத்தில் காற்றை மறந்துவிட்டுச் சுடுகிறவன், தூரமே தெரியாமல் தயங்கி நிற்கிறவனைவிட அந்த மானுக்கு ஆபத்தானவன்.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில், பெரிய விலங்கு வேட்டைக்குப் போகும் துப்பாக்கியிலும் ஸ்கோப்பிலும் மின்னணுக் கருவி இணைக்க நெடுங்காலம் தடை இருந்தது, பேட்டரியில் ஒளிரும் குறுக்குக்கோட்டுக்கு மட்டும் விலக்கு. கையில் தனியாக வைத்திருக்கிற ரேஞ்ச்ஃபைண்டர் அந்தத் தடையில் வரவில்லை. கோடு எங்கே போட்டிருந்தார்கள் பாருங்கள்: தூரத்தைத் தெரிந்துகொள், ஆனால் துப்பாக்கியே அளந்து குறிவைத்துக் கொடுக்கக் கூடாது.

பெரம்பூர் லோகு:
வித்யா அக்கா, காற்றைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. அதனால்தான் மாமாவிடம் விசாரித்தேன். அவருக்கு 200 மீட்டர்தான் எல்லையாம், கருவி 201 காட்டினாலும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிவிடுவாராம். மணி அண்ணா, இதற்குப் பதில் சொல்லுங்கள். கருவி இல்லாவிட்டால் 270ஐ 200 என்று நினைத்துச் சுட்டிருப்பார். சுடாமல் இருப்பதற்கும் இது வேண்டும்.

காசிமேடு மணி:
உங்க மாமா நல்ல மனுஷன், அதை நான் மறுக்கவில்லை. அந்த 200 அவர் மனசில் இருக்கிற எல்லை, கருவி போட்டது கிடையாது. கடையில் 1000 என்று எழுதித்தானே விற்கிறான்? வாங்குகிற நூறு பேரும் உங்க மாமா மாதிரியா இருப்பார்கள்?

எண்ணூர் அக்பர்:
விக்டோரியா மான் இருக்கட்டும். நம்ம பக்கத்தைப் பேசலாமா? .177 காலிபர் (குழல் அளவு), குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைஃபிளுக்கு இங்கே உரிமம் தேவையில்லை, 2016 ஆயுத விதிகளில் அப்படித்தான் இருக்கிறது. ஸ்கோப்பும் இணையத்தில் கிடைக்கிறது. இரண்டையும் மாட்டிக்கொண்டு கழிமுகப் பக்கம் கொக்கையும் நாரையையும் குறிவைக்கிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். உரிமம் வேண்டாம் என்பதால் பறவையைச் சுடலாம் என்று அர்த்தமாகிவிடாது, அது 1972 சட்டப்படி குற்றம். அருணாச்சலப் பிரதேசத்தில் இதற்காகவே 2021இல் ஏர்கன்களை மக்களே ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கினார்கள். இங்கே பழவேற்காட்டுக்குப் பூநாரை வருகிற காலத்திலாவது யாராவது இதைப் பேச வேண்டும்.

பெரம்பூர் லோகு:
அக்பர் பாய், அதில் இங்கே யாருக்கும் மறுப்பில்லை, அவன் கையில் என்ன கருவி இருந்தாலும் அது திருட்டு வேட்டை. ஆனால் அதை வைத்து, உரிமத்தோடு போகிறவன் கருவியைக் குறை சொல்ல முடியாது.

எண்ணூர் அக்பர்:
ஸ்கோப் வைத்துத் தூரத்தில் இருந்து அடிப்பதை நாம் இப்படி ரசித்துப் பேசுவதை அந்தப் பையன்களும்தான் படிக்கிறார்கள். அதனால்தான் சொன்னேன்.

தண்டையார்பேட்டை வித்யா:
லோகு, மாமாவின் 200 எங்கிருந்து வந்தது? ஒரு கை அகலத் தட்டை நட்டு, துப்பாக்கியைத் தாங்கும் பெஞ்ச் இல்லாமல், காட்டில் எப்படி உட்காருவாரோ அப்படி உட்கார்ந்து, காற்று வீசுகிற நாளில், ஒவ்வொரு தூரத்திலும் முதல் குண்டை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல நாள் செய்தும் ஒரு முறைகூடத் தவறாத தூரம்தான் அவர் எல்லை. அது 120 என்று வந்தாலும் 120தான்.

காசிமேடு மணி:
செய்யட்டும், நல்ல யோசனை. ஆனால் தட்டு நட்ட இடத்திலேயே நிற்கும், மான் நிற்காது வித்யா. 400 மீட்டருக்கு உன் குண்டு போய்ச் சேர அரை நொடிக்கு மேல் ஆகும், அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்தால் நெஞ்சில் வைத்த குறி வயிற்றில் போய் நிற்கும். தட்டில் வருகிற தூரத்தில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொல் தம்பி, மீதியை நடந்து போகட்டும்.