பேஸ் கித்தார்: எந்தக் கலைஞரின் பாணியை முதலில் படிப்பது?

நாலுகம்பி, சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் நான், வார இறுதியில் திருமண விருந்துகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் போகும் ஓர் இசைக்குழுவில் இரண்டு ஆண்டுகளாகப் பேஸ் கித்தார் வாசிக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை எங்கள் ஊரில் இதைச் சொல்லிக்கொடுப்பவர் இல்லை. ஈப்போவுக்குப் போய்ப் படிக்க என் ஷிப்ட் இடம் கொடுப்பதுமில்லை. ஆகவே புகழ்பெற்ற கலைஞர்களைக் கேட்டே கற்பதென்று முடிவு செய்து, ஜாக்கோ பாஸ்டோரியஸ், மார்க்கஸ் மில்லர், லேரி கிரஹாம் என ஆளுக்குச் சில மாதங்கள் ஒதுக்கினேன். விரல் ஓடத்தான் செய்கிறது. ஆனால் அண்மையில் ஒரு விருந்தில், எண்பதுகளின் இளையராஜா பாடல் ஒன்றை வாசித்து முடித்ததும் எங்கள் டிரம்ஸ் அண்ணன் என் பக்கம் திரும்பி, "தம்பி, நீ வாசிக்கிறது நல்லாக் கேட்குது, ஆனா எனக்குப் பிடிச்சுக்க ஒண்ணும் கிடைக்கல" என்றார். மூன்று வாரமாக அந்தப் பேச்சு மண்டையைக் குடைகிறது. நான் யாரிடமிருந்து தொடங்கியிருக்க வேண்டும்?

பழைய ஆம்ப், கோலகங்சார்:

தம்பி, கித்தார், பேஸ், பாடகரின் மைக் மூன்றையும் ஒரே ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) செருகித் தோட்டத்து மேடைகளில் வாசித்த காலத்தவன் நான். நீங்கள் தேர்ந்தெடுத்த மூவரும் மேதைகளே. ஆனால் அவர்கள் அப்படி வாசித்ததற்கான காரணத்தை விட்டுவிட்டு, வாசித்ததை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். லேரி கிரஹாம் கட்டைவிரலால் கம்பியை அடிக்கத் தொடங்கியது, தம் தாயாரின் குழுவில் டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாமற்போனதால்தான். கட்டைவிரல் அடி, காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்முக்கும், மற்ற விரலின் சுண்டல், குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்முக்கும் ஈடாக வந்தவை. டிரம்ஸ், தபேலா, போதாக்குறைக்கு உறுமி என்று நிற்கும் உங்கள் மேடையில் அதே வேலையைச் செய்ய நாலாவதாக ஓர் ஆள் எதற்கு? ஜாக்கோவும் 1976இல் தம் பெயரில் முதல் இசைத்தட்டை வெளியிடுவதற்கு முன்பு, நடனத்துக்கு வாசிக்கும் குழுக்களில் ரிதம் அண்ட் புளூஸ் வாசித்துத் தேய்ந்தவர்.

நான் சொல்வது ஜேம்ஸ் ஜேமர்சன். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் அறுபதுகளின் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிநாதம் அவருடையது. நின்றுகொண்டு வாசிக்கும் டபுள் பேஸிலிருந்து வந்தவர் என்பதால், 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கித்தாரையும் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். அந்த விரலுக்குக் 'கொக்கி' என்றே பெயர். தடித்த, வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பிகளை அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பார்கள். பிரிட்ஜ், அதாவது கம்பிகள் கீழே வந்து முடியும் தாங்கி, அதன் மூடிக்கு அடியில் நுரைப்பஞ்சு இருந்ததால் சுரம் நீளாமல், கிக் டிரம்மைப்போல் 'தும்' என்று விழுந்து அடங்கியது.

இதை நீங்கள் இன்றிரவே செய்து பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் பச்சை நாரை உரித்து எறிந்துவிட்டு, மஞ்சள் பகுதியை விரல் பருமனுக்கு வெட்டி, பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். பஞ்சு கம்பியை லேசாகத் தொட்டால் போதும். மேலே தள்ளினால் சுருதி ஏறிவிடும். டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி, ஒற்றை விரலால் ஒரு பல்லவியை மட்டும் வாசியுங்கள்.

தாளம் தட்டும் டீச்சர், தைப்பிங்:

ஐயா சொன்ன பஞ்சை ஒப்புக்கொள்கிறேன். ஜேமர்சனை முதலில் வைப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் ஸ்கேலுக்கு, அதாவது பாடலின் சுர வரிசைக்கு, வெளியே உள்ள சுரங்களின் வழியாக நழுவிப் போகிறவர், தாளத்தை முன்னும் பின்னும் இழுக்கிறவர். தம்பி அவரையும் ஜாக்கோவைப்போல் விரல் வித்தையாகவே படித்துவிடுவார் என்ற அச்சம் எனக்கு உண்டு. ஆஸ்டன் பாரெட்டிடம் போகலாம். ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லியின் குழுவில் அவர் பேஸும் அவருடைய தம்பி கார்ல்டன் டிரம்ஸும் வாசித்தார்கள். 'ஒன் டிராப்' நடையில் டிரம்ஸ் முதல் அடியைக் காலியாக விட்டு மூன்றாவதில் கனமாக விழும். அந்தக் காலியிடத்தில் ஆஸ்டன் எதைச் செய்கிறார், எதைச் செய்யாமல் விடுகிறார் என்று கேளுங்கள்.

என் மாணவர்களிடம் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு குறி போடச் சொல்வேன்: அது எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது. முதலாவதை எல்லாரும் போட்டுவிடுவார்கள். இரண்டாவதில்தான் பென்சில் தயங்கும். உங்கள் டிரம்ஸ் அண்ணனுக்குக் கிடைக்காமற்போனது அந்த இரண்டாவது குறிதான் என்பது என் ஊகம். கித்தாரைத் தொடுவதற்கு முன், தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பேஸ் வரியை வாயால் பாடிப் பாருங்கள்.

இளையராஜா பாடலைக் குறிப்பிட்டதால் ஒன்று. அவர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தாமே குறிப்பெழுதிக் கொடுப்பவர். அங்கே பேஸ், பாடலின் மெட்டுக்கு எதிராக நடக்கும் இன்னொரு மெட்டு. அதை வாசித்தவரின் பாணியாக மட்டும் பார்க்காமல், எழுதியவரின் எண்ணமாகவே படிக்க வேண்டும். அதில் சொந்தச் சரக்கைச் சேர்த்தால் பாடகருக்கு இடமிருக்காது.

ஸ்பீக்கர் வாடகைக்காரன், சுங்கை சிப்புட்:

ஒரு சிறு குறுக்கீடு. எதில் கேட்டுக் கற்றீர்கள்? பேஸின் தடித்த கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கைத்தொலைபேசியின் ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. அதில் கேட்பது மேல்சுரங்களும் விரல் சொடுக்கும்தான். அப்படிக் கேட்டால் வேகமாக வாசிப்பவர்தான் காதுக்கு எட்டுவார், ஜேமர்சன் மாதிரி ஆட்கள் காணாமலே போவார்கள். நல்ல இயர்போன் ஒன்று வாங்குங்கள்.

நாலுகம்பி, சுங்கை சிப்புட்:

மூவருக்கும் நன்றி. ஸ்பீக்கர் அண்ணன் சொன்னது சரிதான். ஆலையில் ஓய்வு நேரத்தில் தொலைபேசியை மேசைமேல் வைத்துத்தான் இத்தனை காலமும் கேட்டேன். பஞ்சை வைத்து நேற்று ஒத்திகையில் வாசித்தேன். டிரம்ஸ் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முதல் பாடல் முடிந்ததும் இன்னொரு தடவை போகலாம் என்றார். ஒரே சிக்கல்: மெதுவான பாடலில், நீண்டு ஒலிக்க வேண்டிய சுரமும் பஞ்சினால் செத்துவிடுகிறது. பாடலுக்குப் பாடல் எடுத்து எடுத்துச் செருகுவதா?

பழைய ஆம்ப், கோலகங்சார்:

வேண்டாம், தம்பி. பஞ்சை ஒரேயடியாக எடுத்துவிட்டு, வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் அருகே கம்பியின்மேல் வைத்துக் கட்டைவிரலால் மீட்டுங்கள். சுரம் நீள வேண்டிய இடத்தில் கையைச் சற்றே தூக்கினால் போதும். டீச்சர் சொன்ன இரண்டாவது குறியை அந்தக் கையே போடும். முதல் வாரம் மணிக்கட்டு வலிக்கும். இருபது நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள்.