செவ்வாய்ப்பேட்டை சொந்தங்கள்: ஆடிக்கு யார் யார் வருகிறீர்கள்?

சனிக்கிழமை

வித்யா (8:12): சித்தப்பா, சித்தி, அத்தை, எல்லாருக்கும் வணக்கம். ஒரு வழியாக லீவு கிடைத்துவிட்டது. ஆடிப் பண்டிகைக்கு நாங்கள் நான்கு பேரும் வருகிறோம். மூன்று நாள் தங்கலாம் என்று இருக்கிறோம்.

குகை அத்தை (8:13): வாங்க கண்ணு, வாங்க. போன வருஷமே வந்திருக்கணும்.

சித்தி (8:15): மாப்பிள்ளையும் வருகிறாரா, இல்லை வழக்கம்போலக் கடைசி நேரத்தில் ஆபீஸா?

கார்த்தி (8:19): இந்தத் தடவை உறுதி அத்தை. ஒரே ஒரு சந்தேகம். ஏற்காட்டுக்கு ஒரு நாள் போய்விடும். மீதி நாளில் என்ன செய்வது? பொழுது சாய்ந்த பிறகு சேலத்தில் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

பிரபு (8:20): மாமா, ஏன் மாமா? அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டார். டைப் பண்ண ஆரம்பித்துவிட்டார்.

வித்யா (8:20): போச்சு.

சித்தப்பா (8:34): மாப்பிள்ளை, சேலத்துப் பகலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நானே ஒத்துக்கொள்வேன். வெயில், புழுதி, ஹாரன் சத்தம். லீ பஜாரில் லாரி மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும், எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறைகள் ஓடும், பஜாரில் இருப்பவனுக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். தெரு முனைக்கு ஒரு தட்டுவடை செட் தள்ளுவண்டி வந்து நிற்கும். கேரட்டும் பீட்ரூட்டும் துருவிக் குவித்து வைத்திருப்பார்கள், பச்சை சட்னி ஒரு பக்கம், சிவப்பு சட்னி ஒரு பக்கம். அதற்கப்புறம் இந்த ஊர் வீட்டுக்குள் உட்காராது. நீங்கள் இதுவரை வந்ததெல்லாம் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும். மண்டபத்தைப் பார்த்திருக்கிறீர்கள், ஊரைப் பார்க்கவில்லை.

கார்த்தி (8:36): மாமா, தட்டுவடை செட் இப்போது சென்னையிலேயே கிடைக்கிறதே?

பிரபு (8:36): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா (8:37): பிரபு, நான் படித்துவிட்டேன். மாப்பிள்ளையை அப்படிச் சொல்லாதே.

சித்தப்பா (8:45): கிடைக்கும் மாப்பிள்ளை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செட் என்பது கையில் வந்த நிமிஷமே வாய்க்குப் போக வேண்டிய பண்டம். ஒரு தட்டுவடை, அதன்மேல் சட்னி, காய்த் துருவல், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை. கடித்தால் மொறுமொறு என்று உடைய வேண்டும். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு நின்றாலே ஊறிவிடும். பார்சல் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். இங்கே அதோடு நிற்பதும் இல்லை. முறுக்கு செட், மாங்காய் செட், தக்காளி செட், முட்டை செட். எல்லாவற்றையும் உடைத்துச் சட்னியில் பிரட்டிக் கொடுத்தால் அது நொறுக்கல். எனக்கு நொறுக்கல்தான். செட்டில் அழகு இருக்கிறது, நொறுக்கலில் ருசி இருக்கிறது.

குகை அத்தை (8:47): பல் போனதால் நொறுக்கல் பிடிக்கிறது என்று சொல்லேன்.

சித்தி (8:48): கரெக்ட் அண்ணி.

பிரபு (8:55): அக்கா, நான் வேறு பிளான் சொல்கிறேன். ஃபேர்லேண்ட்ஸ், அத்வைத ஆசிரமம் ரோடு, சாரதா கல்லூரி ரோடு. எங்கள் வயசுப் பசங்கள் எல்லாம் அங்கேதான். காபி ஷாப், ஐஸ்கிரீம், தந்தூரி, பிள்ளைகளுக்கு ஏசி, சுத்தமான பாத்ரூம். சாப்பிட்டுவிட்டு ஐந்து ரோடு மேம்பாலத்தில் ஒரு ரவுண்டு போகலாம். 2020இல் திறந்த இரண்டு அடுக்குப் பாலம், ராத்திரியில் காரில் போக ஜாலியாக இருக்கும்.

சித்தப்பா (8:57): சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பாலத்தைக் காட்டப் போகிறானாம்.

சித்தி (8:59): பிரபு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு முழங்கால் வலி. உட்கார நாற்காலி உள்ள இடத்துக்குத்தான் நான் வருவேன். உங்கள் சித்தப்பாவோடு பஜாருக்குப் போனால் பத்தடிக்கு ஒரு ஆளைப் பார்த்து நின்றுவிடுவார்.

வித்யா (9:02): சரி, ஒரு நாள் ராத்திரி சித்தியோடு ஃபேர்லேண்ட்ஸ். இன்னொரு நாள் சித்தப்பாவோடு பஜார். சித்தப்பா, எங்கிருந்து ஆரம்பிப்பது?

சித்தப்பா (9:20): சுகவனேஸ்வரர் கோயிலில் ஆரம்பிப்போம். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். சுக முனிவர் கிளியாக இருந்து பூஜித்த இடம் என்று தல புராணம். கிளிக்கதை என்றால் பிள்ளைகள் கேட்கும், நானே சொல்கிறேன். வெளியே வந்து பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தால் முதல் அக்ரஹாரம். பெயர்தான் அக்ரஹாரம், இன்றைக்கு முழுக்க ஜவுளியும் நகையும். அங்கே ஒன்றும் வாங்க வேண்டாம், கூட்டத்தில் கைபிடித்து நடந்தால் போதும். அப்புறம் சின்னக்கடை வீதி. பூ, பழம், காய்கறி. வித்யா, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே மாம்பழக் குவியலைப் பார்த்துவிட்டு வர மாட்டேன் என்று அழுதாயே, அதே வீதிதான்.

வித்யா (9:22): மாம்பழம் இப்போது கிடைக்குமா?

சித்தி (9:23): ஆடியில் எங்கே கண்ணு. மல்கோவா, இமாம் பசந்த், குண்டு எல்லாம் மே, ஜூனோடு சரி. இப்போது கிடைப்பது ஆசைக்குத்தான். உனக்காக ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன்.

சித்தப்பா (9:27): சின்னக்கடை வீதியிலிருந்து அப்படியே மேற்கே நடந்தால் செவ்வாய்ப்பேட்டை, நம் வீடு. வழியில் செட் சாப்பிட நான் இரண்டு வண்டி வைத்திருக்கிறேன், அதை இங்கே எழுத மாட்டேன். பிரபு இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுவான்.

குகை அத்தை (9:31): எல்லாரும் பேசி முடித்தாயிற்றா? நான் ஒன்று கேட்கிறேன். ஆடிக்கு வருகிற பிள்ளைக்கு வண்டி வேடிக்கையைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பாலமாம், ஐஸ்கிரீமாம்.

கார்த்தி (9:32): வண்டி வேடிக்கை என்றால்?

குகை அத்தை (9:33): வாய்ஸ் அனுப்புகிறேன், என்னால் இவ்வளவு எழுத முடியாது.

குகை அத்தை (9:36): குரல் செய்தி, 2:48

பிரபு (9:44): மாமா, அத்தை சொன்னதை எழுதிவிடுகிறேன், பின்னால் மிக்ஸி சத்தம் வேறு. சேலத்தில் ஆடித் திருவிழா ஒரு கோயிலோடு முடிகிற விஷயம் இல்லை. கோட்டை மாரியம்மன் எட்டுப் பேட்டைக்கும் தலைவி. அங்கே பூச்சாட்டு நடந்து திருவிழா ஆரம்பித்தால் அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, குகை என்று ஊர் முழுக்கக் களைகட்டிவிடும். பகலில் பொங்கல், மாவிளக்கு, உருளுதண்டம், அதாவது அங்கப்பிரதட்சணம். குகையில் மாரியம்மன் காளியம்மன் கோயில் திருவிழாவில் ராத்திரி வண்டி வேடிக்கை. வண்டிகளை ஜோடித்து, சீரியல் லைட் போட்டு, அதன்மேல் ஆட்கள் சாமி வேஷத்தில் நிற்பார்கள். சிவன் பார்வதி, முருகன், ராமாயணக் காட்சி, பாரதக் காட்சி, இப்படி ஒவ்வொரு குழுவும் ஒன்று. அந்தக் காலத்தில் மாட்டு வண்டி, இப்போது பெரும்பாலும் லாரியும் டிராக்டரும். எந்த வண்டி நன்றாக இருக்கிறது என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். தெரு இரண்டு பக்கமும் ஜனம், மொட்டை மாடியில் ஜனம்.

கார்த்தி (9:47): சரி, இது நான் எதிர்பார்க்காத பதில். எத்தனை மணி வரை நடக்கும்?

குகை அத்தை (9:48): மணி எல்லாம் யார் பார்த்தது மாப்பிள்ளை.

சித்தப்பா (9:52): வேஷம் கட்டியவர்களைப் பாருங்கள் மாப்பிள்ளை, அதுதான் எனக்குப் பிடித்தது. சாயங்காலமே மேக்கப் போட்டுக்கொண்டு நிற்க ஆரம்பித்துவிடுவார்கள். கிரீடம், நகை, முகத்தில் நீலச் சாயம், கையில் சூலம். அசையக் கூடாது. வண்டி நிற்கும்போது யாராவது டம்ளரில் தண்ணீர் நீட்டினால் சிவபெருமான் குனிந்து வாங்கிக் குடிப்பார். காலையில் அவரே தறியில் உட்கார்ந்திருப்பார், இல்லை எங்கள் பட்டறையில் கொலுசுக்குப் பற்று வைத்துக்கொண்டிருப்பார்.

வித்யா (9:55): சித்தப்பா, இதற்காகவே வரலாம். பிள்ளைகள் அவ்வளவு நேரம் முழித்திருக்குமா?

குகை அத்தை (9:56): என் வீட்டுத் திண்ணை எதற்கு இருக்கிறது? தூங்கினால் உள்ளே படுக்க வை. சாமி வரும்போது எழுப்பிக்கொள்ளலாம். ஆனால் பொழுது இருக்கும்போதே வந்துவிட வேண்டும். அப்புறம் ஆட்டோக்காரர் ஒருத்தரும் குகைக்குள் வர மாட்டார், வழியை எல்லாம் திருப்பிவிடுவார்கள்.

பிரபு (9:58): முடிந்ததும் நேரே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகலாம் மாமா. திருவிழா ராத்திரியில் அங்கே கடை இருக்கும். கல்லில் பரோட்டா தட்டுகிற சத்தமே போதும், பசி வந்துவிடும். வீச்சு, கொத்து, சால்னா. சைவம் என்றால் இட்லி, நாலு வகை சட்னி. அந்த நேரத்தில் ஃபேர்லேண்ட்ஸில் நாய்தான் இருக்கும், அதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

சித்தப்பா (9:59): இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

வித்யா (7:40): காரிலா ரயிலிலா? கார்த்திக்குக் காரில் வர ஆசை. ஆத்தூர் தாண்டியதும் முத்துமலை முருகனைப் பார்த்துவிடலாம் என்கிறார்.

பிரபு (7:52): 146 அடி, நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். 2022இல்தான் கும்பாபிஷேகம். பார்க்க வேண்டியதுதான், ஆனால் காரை எங்கே நிறுத்துவீர்கள்? நம் தெருவில் பைக் நிறுத்தவே சண்டை. மதியம் சென்ட்ரலில் வந்தே பாரத் ஏறுங்கள், சாயங்காலம் ஜங்ஷனில் நான் நிற்கிறேன்.

சித்தி (7:55): ரயிலே நல்லது.

கார்த்தி (8:03): சரி, ரயில். ஏற்காட்டுக்கு?

பிரபு (8:06): நண்பன் வண்டி இருக்கிறது. காலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் மேலே போய்விடலாம். போகிற வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு. டி.ஆர்.சுந்தரம் 1935இல் ஆரம்பித்த ஸ்டுடியோ, நூறு படத்துக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். எம்.ஜி.ஆர். நடித்த இடம், கலைஞர் வசனம் எழுதிய இடம். இப்போது வளைவு மட்டும்தான் மிச்சம். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடலாம். அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு, பெரியவளுக்கு வாந்தி வருமா?

வித்யா (8:07): வரும். எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்.

சித்தப்பா (8:15): மேலே ஏரி, படகு எல்லாம் உங்கள் இஷ்டம். லேடீஸ் சீட் வியூ பாயிண்டுக்கு மட்டும் பொழுது சாயும் நேரத்துக்குப் போங்கள். சேலத்தில் ஒவ்வொரு விளக்காக எரிய ஆரம்பிப்பது அங்கிருந்து தெரியும். மாப்பிள்ளை கேட்டாரே, பொழுது சாய்ந்த பிறகு என்ன இருக்கிறது என்று. மேலே நின்று ஒரு தடவை பார்க்கட்டும். பனி மூடுவதற்குள் இறங்கிவிடுங்கள், பிரபு ஓட்டுகிறான் என்பதை மறக்க வேண்டாம்.

கார்த்தி (8:17): மாமா, தெரியாமல் கேட்டுவிட்டேன், விடுங்கள்.

சித்தி (8:21): வருகிற அன்றைக்கு ராத்திரி வீட்டில் சமைக்கட்டுமா, வேண்டாமா?

சித்தப்பா (8:22): வேண்டாம். ஜங்ஷனிலிருந்து பையை வீட்டில் போட்டுவிட்டு நேரே வண்டிக்கடை. ஆளுக்கு ஒரு செட், ஒரு நொறுக்கல். நான் சொல்லி வைத்துவிடுகிறேன்.

குகை அத்தை (8:24): பிள்ளைகளுக்குக் காரம் குறைத்துச் சொல்.

வித்யா (8:25): சின்னவன் சாப்பிட்டுவிடுவான் அத்தை. பெரியவளுக்கும் இவருக்கும்தான் காரம் குறைக்க வேண்டும்.

கார்த்தி (8:25): எனக்கு எதற்கு?

பிரபு (8:26): அப்பா, மாமாவுக்கு ஃபுல் காரம். நான் பக்கத்தில் மோரோடு நிற்கிறேன்.