சிறுத்தை திரியும் தேயிலைத் தோட்டத்தில் பன்றிக்குக் கம்பிச் சுருக்கு வைக்கலாமா?

மஸ்கெலியா பையன்:
எங்கள் பணிய லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில் கீழ்ப்பக்கம்) ஒரே மாதத்தில் இரண்டு நாய்கள் போய்விட்டன. இரண்டாவது எங்களுடையது. வியாழன் காலை பார்த்தால் சங்கிலி அறுந்து கிடந்தது, காணு (வடிகால்) வரைக்கும் இழுத்துப்போன தடம், அதற்கு மேல் மானாப்புல். சிறுத்தைதான், சந்தேகமே இல்லை. அதே வாரம் பின்பக்கத்து மரக்கறித் தோட்டத்தில் பன்றி இறங்கி கோவா (முட்டைக்கோஸ்) இரண்டு பாத்தியைக் கிளறிவிட்டது. சித்தப்பா மோட்டார் சைக்கிள் கிளட்ச் வயர் நாலு வாங்கி வைத்திருக்கிறார். "பன்றிக்கு வைப்போம், சிறுத்தை விழுந்தாலும் நல்லதுதான்" என்கிறார். ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தேன், படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன், அவ்வளவுதான். என்ன செய்வது?

பழைய கணக்கப்பிள்ளை:
தம்பி, அந்த வயரை முதலில் சித்தப்பாவிடமிருந்து வாங்கி வை.

நோர்வூட் பக்கம் முப்பது வருடம் தேயிலை மலை பார்த்தவன் நான். கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) முடிந்த ஒரு மலையின் ஓரத்தில், காணு தாண்டும் இடத்தில், கம்பியில் சிறுத்தை ஒன்று கிடந்ததைக் கிட்ட நின்று பார்த்தேன். பன்றி உயரத்துக்கு வைத்த சுருக்கு. தலையும் முன்னங்காலும் நுழைந்து இடுப்பில் இறுகியிருந்தது. சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு மண்ணைப் பிறாண்டித் தள்ளியிருந்தது, எட்டிய தேயிலைத் தூரெல்லாம் பல் பட்டு வெள்ளையாக இருந்தது. சத்தமே போடவில்லை, மூச்சு மட்டும் அறுப்பதுபோல் வந்தது. வைத்தியர் வந்து மயக்க ஊசி போட்டு வெட்டி எடுத்தார். மேலே ஒரு காயம் கிடையாது, முடி மட்டும் வட்டமாக உதிர்ந்திருந்தது. பிழைத்துவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். இரண்டாம் நாள் செத்துவிட்டது. சுருக்கில் திமிறுகிற மிருகத்துக்குத் தசை உள்ளே நசிந்து, அந்த அழுக்கு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமாம்.

2020 மே மாதம் நல்லதண்ணி, லக்சபானத் தோட்டத்தில் பிடிபட்ட கருஞ்சிறுத்தை உனக்கு நினைவிருக்கும். அதற்குக் கழுத்தில் இறுகியது. சிகிச்சைக்கு உடவளவை வரை கொண்டுபோனார்கள், சில நாளில் போய்விட்டது. அதுவும் யாரோ பன்றிக்கு வைத்த கம்பிதான்.

இலங்கைச் சிறுத்தை வேறெங்கும் இல்லாத உள்ளினம். தீவு முழுக்கச் சேர்த்தாலும் ஆயிரம் தேறாது என்பதுதான் ஆய்வாளர் கணக்கு. யால, வில்பத்து தேசியப் பூங்காக்களில் ஜீப்பில் போய்ப் பார்க்கிறார்கள். நம் பக்கத்துச் சிறுத்தைக்கு உச்சியில் ஒரு துண்டுக் காடு, ஆற்றோரம் ஒரு துண்டு, நடுவில் தேயிலை. இரவில் நம் மலையைக் கடந்துதான் தீரவேண்டும். கம்பி இருப்பதும் அந்தப் பாதையில்தான்.

லயத்து ராஜா:
ஐயாவுக்கு ஓய்வு எடுத்தபிறகு சிறுத்தை மேல் பாசம் வந்துவிட்டது போல. பன்றி தின்ற கோவாவுக்கு யார் காசு கொடுப்பது? ஆறு மணி இருட்டில் பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) போகிற பெண்பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு? பன்றி இறைச்சி வாங்குகிறவர்கள் டவுனில் இருக்கிறார்கள், பிடிபடுகிறவன் மட்டும் லயத்துக்காரன். எங்களுக்கு மட்டும் சட்டம் பேசாதீர்கள்.

பழைய கணக்கப்பிள்ளை:
நீ சொல்வதில் பாதி சரி. நானும் அந்த லயத்துத் தண்ணீர் குடித்தவன்தான். கோவாவுக்கு ஒருவனும் காசு தரமாட்டான், தெரியும். மீதிப் பாதிக்கு வருகிறேன்.

பாதையில் காய்ந்து வெள்ளையாகக் கிடக்கும் சிறுத்தை எச்சத்தைக் குச்சியால் பிரித்துப் பார்த்திருக்கிறாயா? பன்றி மயிர், முள்ளம்பன்றி முள், கேளையாட்டுக் குளம்பு எல்லாம் இருக்கும். லயத்துப் பக்கமானால் நாய் மயிர். உன் தோட்டத்தைக் கிளறுகிற பன்றியின் குட்டியை அதுதான் தின்கிறது. அதைக் கொன்றுவிட்டு பன்றி பெருகிவிட்டது என்று அழுவதில் என்ன இருக்கிறது?

தம்பிக்குச் சொல்வது: நாயை இரவில் வெளியே கட்டாதே, கட்டின நாய் சிறுத்தைக்குத் தட்டில் வைத்த சோறு. காம்பரா அறைக்குள் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் தகரக் கூடு. கோழிக் கழிவை லயத்துக் கோடியில் கொட்டுகிறார்களா பார், அதற்கு நாய் கூடும், நாய்க்குச் சிறுத்தை வரும். லயத்தை ஒட்டிய மானாப்புல்லை வெட்டச் சொல்லித் தொழிற்சங்கத் தலைவர் மூலம் தோட்டத்துரையிடம் (மேலாளர்) கேளுங்கள். கவ்வாத்து தள்ளிப்போன மலையில் கொழுந்துக்கு இறங்கும்போது முதலில் தகரம் தட்டிச் சத்தம் போட வேண்டும். தூருக்குள் சிறுத்தைக் குட்டி கிடந்தால் கை வைக்காமல் எல்லோரும் அந்த மலையை விட்டு விலகுங்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும். வனஜீவராசிகள் திணைக்களத்துக்குப் போன் எண் 1992.

கிளிநொச்சித் தங்கச்சி:
ஒன்று சேர்க்கிறேன். 2018 ஜூனில் எங்கள் அம்பாள்குளத்தில் சிறுத்தை ஊருக்குள் வந்தபோது சனம் கூடிச் சுற்றி வளைத்தது. பத்துப் பேர் வரை காயப்பட்டார்கள், வனஜீவராசிகள் அலுவலர் ஒருவரும் அதில். பிறகு அடித்தே கொன்றார்கள், படம் எடுத்துப் போட்டார்கள், அந்தப் படத்தை வைத்தே பொலிஸ் பிடித்தது. போக வழி விட்டிருந்தால் அது போயிருக்கும் என்றுதான் இன்றைக்கும் அப்பா சொல்லுவார்.

மஸ்கெலியா பையன்:
நன்றி ஐயா. சித்தப்பா முறைத்தார், ஆனால் கருஞ்சிறுத்தை படத்தைப் போனில் காட்டியதும் ஒன்றும் பேசவில்லை. நாலு வயரில் இரண்டு இப்போது போஞ்சிக் கொடிக்குக் கட்டியாகிவிட்டது. மற்ற இரண்டை எங்கே வைத்திருக்கிறார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். தோட்டத்தைச் சுற்றி அடிக்கத் தகரம் பத்துப் பதினைந்து வேண்டும், புதிது வாங்கக் கட்டாது.

லயத்து ராஜா:
பழைய ஸ்டோரின் (தேயிலை ஆலை) கூரையைக் கழற்றுகிறார்கள் என்று கேள்வி. ஞாயிறு என்னோடு வா, கேட்டுப் பார்ப்போம்.