முழங்கால் மாற்றிய அம்மாவுக்கு ட்ரமடோலைக் குறைக்க வேண்டும், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க

வணக்கம். அம்மாவுக்கு 68 வயது, வலது முழங்கால் மாற்றி இன்றைக்கு 12 நாள், இப்போது ஆரையம்பதியில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறா. ட்ரமடோல் போட்டால் வலி அடங்குகிறது, ஆனால் தலைச்சுற்று, ஓங்காளம், மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்து வருகிறது. முந்தநாள் இரவு கழிவறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்தபடியே சரிந்துவிட்டா, நான் பின்னால் நின்றதால் தப்பினா.

டொக்டரிடம் கேட்டோம். ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கலாம், பரசிட்டமோலை வலி வந்த பிறகு இல்லாமல் நேரத்துக்குக் கொடுங்க, ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகவே கூடாது என்றார். அம்மாவுக்குச் சிறுநீரகப் பிரச்சினை இருப்பதால் டைக்குளோபெனாக் என்ற வலி மாத்திரை வேண்டாமாம்.

ஐஸைப் பழைய சாரத்துண்டில் சுற்றி 15, 20 நிமிடம் வைக்கிறோம். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தது பிழையாம், கால் மடங்கியபடியே இறுகிவிடுமாம், இப்போது குதிக்காலுக்குக் கீழேதான் வைக்கிறோம். பகலில் பரவாயில்லை. இரவு 2 மணிக்கு எழும்பி "கொதிக்குதுடி மகள்" என்று காலைத் தடவிக்கொண்டு இருக்கிறா, பார்க்கவே ஏலாமல் இருக்கு.

உங்கள் வீட்டில் இந்த இரவு வலி எத்தனை கிழமை இருந்தது? பயிற்சியை மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்துக்குப் பிறகு செய்தீங்க? அப்புறம், காத்தான்குடி, கல்லடிப் பக்கம் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் யாரையும் தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்க.